அழைப்பு உண்டு, வேலை உண்டா?

நேர்முகத் தேர்வுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. சொல்ல வேண்டிய பதில்களை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்போது உங்கள் பழைய முதலாளியிடமிருந்து கைப்பேசிக்கு ஒரு வாழ்த்துச் செய்தி வருகிறது. அந்த வேலை உங்களுக்குத்தான் என்று உள்ளே இருப்பவர்கள் அவரிடம் சொன்னார்களாம். உங்களுக்குக் குழப்பம். இன்னும் தேர்வே நடக்கவில்லையே? என்னைத்தான் சொல்கிறீர்களா, இல்லை என் பெயரே கொண்ட இன்னொருவரையா என்று கேட்கிறீர்கள். மறுபக்கத்திலிருந்து மன்னிப்பு வருகிறது. ஆள் மாறிவிட்டதாம். வேலை அந்த இன்னொருவருக்காம்.

மூன்று நாள் கழித்து அந்த அறைக்குள் போய், ஒன்றும் தெரியாததுபோல் புன்னகைத்துக்கொண்டு உட்காருவீர்களா?

பிரையன் ஃபுளோரஸ் போய் உட்கார்ந்தார். 2022 ஜனவரியில் நடந்தது இது. வேலை, நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் தலைமைப் பயிற்றுநர் பதவி. செய்தி அனுப்பியவர் அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற பயிற்றுநர்களில் ஒருவரான பில் பெலிச்சிக். அந்த ‘இன்னொரு பிரையன்’, பிரையன் டேபோல். ஃபுளோரஸ் கறுப்பினத்தவர், டேபோல் வெள்ளையர். வேலை டேபோலுக்குப் போனது. பிப்ரவரி 1ஆம் தேதி ஃபுளோரஸ் நியூயார்க் கூட்டரசு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். கைப்பேசிச் செய்திகளையும் மனுவில் சேர்த்தார். தன்னை அழைத்தது வேலை கொடுப்பதற்காக அல்ல, ஒரு விதியை நிறைவேற்றியதாகக் கணக்குக் காட்டுவதற்காக என்பது அவருடைய குற்றச்சாட்டு. ஜயன்ட்ஸ் நிர்வாகம் அதை மறுத்தது. தகுதி பார்த்தே ஆளைத் தேர்ந்தெடுத்ததாகச் சொன்னது.

அது என்ன விதி? அதன் கதை, காற்பந்து பார்க்காதவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

வேறு காற்பந்து, தெரிந்த பிரச்சினை

வார இறுதியில் மாமாக் கடையில் தே தாரிக்கோடு நாம் பார்க்கும் காற்பந்து அல்ல இது. தலைக்கவசம் அணிந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் காற்பந்து. அதன் உச்ச லீக் என்எஃப்எல். மொத்தம் 32 அணிகள், ஆகவே 32 தலைமைப் பயிற்றுநர் நாற்காலிகள்தான். ஆட்டக்காரர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கறுப்பினத்தவர். ஃபுளோரஸ் வழக்குத் தொடுத்த நாளில் அந்த 32 நாற்காலிகளில் இருந்த கறுப்பினத்தவர் எத்தனை பேர் தெரியுமா? ஒரே ஒருவர். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் மைக் டொம்லின்.

இத்தனைக்கும் தொடக்கம் அவ்வளவு மோசமாக இல்லை. லீக் பிறந்த மறு ஆண்டான 1921இலேயே, ஃபிரிட்ஸ் பொல்லார்ட் என்ற கறுப்பினத்தவர் ஏக்ரன் நகர அணிக்கு ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் இருந்தார். பிறகு கதவு சாத்தப்பட்டது. 1934 முதல் 1945 வரை லீக்கில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூட இல்லை. 1946இல் ஆட்டக்காரர்களுக்குக் கதவு மறுபடி திறந்தது. பயிற்றுநர்களுக்குத் திறக்க இன்னும் 43 ஆண்டுகள் ஆயின. 1989இல் லாஸ் ஏஞ்சலிஸ் ரெய்டர்ஸ் அணி ஆர்ட் ஷெல்லைத் தலைமைப் பயிற்றுநராக்கியது. ஓடவும் மோதவும் கறுப்பின உடல் வேண்டும், திட்டம் போடும் மூளை வேறு இடத்திலிருந்து வரவேண்டும் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது.

எண்கள் பேசின

2002 ஜனவரியில் இரண்டு பேர் வேலை இழந்தார்கள். ஒருவர் டெனிஸ் கிரீன். மினசோட்டா வைக்கிங்ஸ் அணியை 10 பருவங்களில் 8 முறை இறுதிக்கட்டச் சுற்றுக்குக் கொண்டு போனவர். முதன்முறையாக ஒரு பருவத்தில் வெற்றியைவிடத் தோல்வி கூடியது, ஆள் வெளியே. இன்னொருவர் டோனி டன்ஜி. தடுமாறிக்கொண்டிருந்த டம்பா பே அணியை நிமிர்த்தி, ஆறு பருவங்களில் நான்கு முறை இறுதிக்கட்டச் சுற்றுக்குக் கொண்டு போனவர். அவரும் வெளியே. இருவரும் கறுப்பினத்தவர்.

தோற்கும் பயிற்றுநர்கள் எல்லாரும்தான் நீக்கப்படுகிறார்கள், இதில் இனம் எங்கே வந்தது? இந்தக் கேள்விக்கு உணர்ச்சியால் பதில் சொல்ல முடியாது. சைரஸ் மேரி, ஜானி காக்ரன் என்ற இரண்டு வழக்கறிஞர்கள் எண்களைத் தேடிப் போனார்கள். காக்ரனை உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம், ஓ.ஜே. சிம்ப்சன் வழக்கில் வாதாடியவர். பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் ஜேனிஸ் மேடன், 15 ஆண்டுப் பருவங்களின் முடிவுகளை அலசினார்.

கறுப்பினப் பயிற்றுநர்கள் சராசரியாக ஒரு பருவத்துக்கு 1.1 ஆட்டம் கூடுதலாக வென்றிருந்தார்கள். 16 ஆட்டங்களே கொண்ட பருவத்தில் அது பெரிய வித்தியாசம். கறுப்பினப் பயிற்றுநர்களின் அணிகள் 67 விழுக்காட்டுப் பருவங்களில் இறுதிக்கட்டச் சுற்றுக்குத் தகுதி பெற்றிருந்தன. வெள்ளையர்களுக்கு அது 39 விழுக்காடு. அதாவது, மிக மிகச் சிறந்தவராக இருந்தால்தான் கறுப்பினத்தவருக்கு வேலை கிடைத்தது. நடுத்தரத் திறமை உள்ள வெள்ளையருக்குக் கிடைத்த வாய்ப்பு, அதே திறமை உள்ள கறுப்பினத்தவருக்குக் கிடைக்கவில்லை. ‘நீ இரண்டு மடங்கு உழைத்தால்தான் பாதி பேர் கிடைக்கும்’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அதை ஒரு பொருளியல் பேராசிரியர் கணக்குப் போட்டுக் காட்டினார்.

நீதிமன்றத்துக்குப் போவோம் என்று வழக்கறிஞர்கள் எச்சரித்தார்கள். லீக் ஒரு குழு அமைத்தது. தலைவர், பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் உரிமையாளர் டான் ரூனி. 2003இல் விதி நடப்புக்கு வந்தது: தலைமைப் பயிற்றுநர் பதவி காலியானால், சிறுபான்மை இனத்தவர் ஒருவரையாவது நேர்முகத் தேர்வுக்கு அழைக்க வேண்டும். இதற்கு ரூனி விதி என்று பெயர் நிலைத்தது.

கவனியுங்கள், அழைக்க வேண்டும் என்பதுதான் விதி. எடுக்க வேண்டும் என்பது அல்ல. இட ஒதுக்கீடும் அல்ல.

விதி செய்த நன்மை

முதல் ஆண்டே ஒரு சோதனை வந்தது. டிட்ராய்ட் லயன்ஸ் அணி யாரை எடுக்கப் போகிறது என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. அதனால் அழைக்கப்பட்ட கறுப்பினப் பயிற்றுநர்கள் பலர், காட்சிப் பொருளாக வந்து உட்கார முடியாது என்று மறுத்துவிட்டார்கள். சிறுபான்மையினர் ஒருவரையும் பார்க்காமலே அணி ஆளை எடுத்தது. அதன் நிர்வாகிக்கு லீக் 200,000 டாலர் அபராதம் விதித்தது. விதிக்குப் பல் இருக்கிறது என்று மற்ற அணிகள் தெரிந்துகொண்டன.

2002 பருவத்தில் இரண்டாக இருந்த கறுப்பினத் தலைமைப் பயிற்றுநர்களின் எண்ணிக்கை, 2006இல் ஏழாக உயர்ந்தது. 2007 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌல் இறுதியாட்டத்தில் இரண்டு பக்கமும் கறுப்பினப் பயிற்றுநர்கள் நின்றார்கள். இண்டியனாபொலிஸ் அணிக்கு டோனி டன்ஜி, சிகாகோ அணிக்கு லவி ஸ்மித். டன்ஜியின் அணி 29-17 என வென்றது. சூப்பர் பௌல் வென்ற முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்றுநர், ஐந்து ஆண்டுகளுக்கு முன் டம்பா பே வேண்டாம் என்று அனுப்பிய அதே மனிதர்.

அந்த ஆண்டு ஜனவரியில்தான் ரூனியின் ஸ்டீலர்ஸ் அணி, அதிகம் பேர் கேள்விப்படாத 34 வயது இளைஞரைத் தேர்ந்தெடுத்திருந்தது. அவர்தான் மைக் டொம்லின். இரண்டே ஆண்டில் சூப்பர் பௌல் வென்றார். 2007 முதல் 2024 வரை 18 பருவங்கள், ஒன்றில்கூட அவர் அணியின் தோல்விகள் வெற்றிகளை மிஞ்சவில்லை.

பிறகு ஏன் சறுக்கியது?

இவ்வளவு நன்றாகப் போன விதி, 2022இல் ஒரே ஒருவர் என்ற நிலைக்கு எப்படி வந்தது? இரண்டு பேரின் கதை போதும்.

முதலாமவர் எரிக் பியெனமி. 2018 முதல் 2022 வரை கான்சஸ் சிட்டி அணியின் தாக்குதல் ஆட்டப் பொறுப்பாளர். அந்தக் காலத்தில் அணி இரண்டு முறை சூப்பர் பௌல் வென்றது. அவருக்கு முன்னால் அதே நாற்காலியில் இருந்த இருவர், டக் பீடர்சன், மேட் நேகி. இருவரும் வெள்ளையர்கள், இருவரும் அங்கிருந்து நேராக வேறு அணிகளின் தலைமைப் பயிற்றுநர் ஆனார்கள். பியெனமியைப் பத்துக்கும் மேற்பட்ட அணிகள் நேர்முகத் தேர்வுக்கு அழைத்தன. ஒன்றும் வேலை கொடுக்கவில்லை. ஆட்டத் திட்டம் எல்லாம் தலைமைப் பயிற்றுநர் ஆண்டி ரீட் போடுவது, இவர் பங்கு என்ன என்று காரணம் சொன்னார்கள். பீடர்சனும் நேகியும் வேலை பார்த்தது அதே ரீட்டிடம்தானே?

இரண்டாமவர் ஜிம் கால்ட்வெல். டிட்ராய்ட் லயன்ஸ் பல ஆண்டுகளாகத் தோற்றே பழகிய அணி. நான்கு பருவங்களில் அதற்கு 36 வெற்றி, 28 தோல்வி என்ற கணக்கைக் கொடுத்தார். கடைசிப் பருவத்தில்கூட 9-7. அது போதாது என்று நீக்கினார்கள். அடுத்து வந்த மேட் பட்ரீஷியாவின் கணக்கு 13 வெற்றி, 29 தோல்வி, ஒரு சமநிலை. கிரீனுக்கும் டன்ஜிக்கும் நடந்ததுதான், விதி வந்து 15 ஆண்டுகளுக்குப் பின்னும் நடந்தது. ஆளை எடுப்பதைப் பற்றித்தான் விதி பேசியது. எவ்வளவு காலம் பொறுமை காட்டுவது என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

ஹூஸ்டன் டெக்சன்ஸ் அணி 2021இலும் 2022இலும் கறுப்பினப் பயிற்றுநர்களைத்தான் எடுத்தது. இருவரையும் தலா ஒரே பருவத்தில் அனுப்பியது. பலவீனமான அணியைக் கொடுத்து, ஓராண்டில் நிமிர்த்தவில்லை என்று குறை சொன்னால் யார்தான் தேற முடியும்? 2023இல் அதே டெக்சன்ஸ், டிமெக்கோ ரையன்ஸ் என்ற முன்னாள் ஆட்டக்காரரை எடுத்தது. நல்ல இளம் ஆட்டக்காரர்களையும் சேர்த்துக் கொடுத்தது. முதல் இரண்டு பருவங்களிலும் அவர் தம் பிரிவில் அணியை முதலிடத்துக்குக் கொண்டுவந்தார்.

ஏணி எங்கே இருக்கிறது?

உரிமையாளர்களைக் கேட்டால், எங்களுக்கு வெற்றிதான் முக்கியம், இனம் அல்ல என்பார்கள். பெரும்பாலோர் அதை மனதார நம்பவும் செய்யலாம். சிக்கல், யார் கண்ணில் யார் படுகிறார்கள் என்பதில் இருக்கிறது.

அண்மைக் காலத்தில் தலைமைப் பயிற்றுநர் பதவிக்குப் போகும் முக்கிய ஏணி, தாக்குதல் ஆட்டத் திட்டம் போடும் வேலை. அதற்கு முந்தைய படி, குவார்ட்டர்பேக் எனப்படும் ஆட்டத்தை இயக்குபவருக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை. நெடுங்காலமாக அந்த இடத்தில் ஆடக் கறுப்பின இளைஞர்களை விடவில்லை, வேகம் இருக்கிறது என்று சொல்லி வேறு இடத்துக்கு மாற்றினார்கள். இரண்டு அணிகளிலும் கறுப்பின குவார்ட்டர்பேக் தொடங்கிய முதல் சூப்பர் பௌல் 2023இல்தான் நடந்தது. ஆட்டக்காரராக அங்கே நிற்காதவர், பயிற்றுநராகவும் அந்த ஏணியின் பக்கம் வருவது அரிது.

குடும்பத் தொடர்பும் உண்டு. சான் பிரான்சிஸ்கோ அணியின் கைல் ஷனஹான், முன்னாள் தலைமைப் பயிற்றுநர் மைக் ஷனஹானின் மகன். லாஸ் ஏஞ்சலிஸ் ரேம்ஸ் அணியின் ஷான் மெக்வேயுடைய தாத்தா ஜான் மெக்வே, தலைமைப் பயிற்றுநராகவும் அணி நிர்வாகியாகவும் இருந்தவர். இருவரும் திறமைசாலிகள், அதில் சந்தேகமில்லை. ஆனால் 1989 வரை கறுப்பினத்தவருக்கு அந்த நாற்காலியே கிடைக்காத ஒரு லீக்கில், ‘அப்பாவும் பயிற்றுநர்’ என்ற சிறப்பு எந்தக் கறுப்பினக் குடும்பத்துக்கு வாய்த்திருக்கும்? இன்று யாரும் கெட்ட எண்ணம் கொள்ளாவிட்டாலும், நேற்றைய பூட்டு இன்றைய பட்டியலைத் தீர்மானிக்கிறது.

லீக் விதியை இறுக்கிக்கொண்டே வந்தது. 2020 முதல் வெளியிலிருந்து இரண்டு சிறுபான்மையினரைப் பார்க்க வேண்டும் என்றது. சிறுபான்மைப் பயிற்றுநரை வளர்த்து, அவர் இன்னோர் அணிக்குத் தலைமை ஏற்றால், வளர்த்த அணிக்குப் புதிய ஆட்டக்காரர் தேர்வில் கூடுதல் வாய்ப்பு என்றது. 2022இல் ஒவ்வோர் அணியும் தாக்குதல் ஆட்டப் பயிற்சிக் குழுவில் சிறுபான்மையினர் அல்லது பெண் ஒருவரைச் சேர்க்க வேண்டும் என்றது. இந்தக் கடைசி விதி எனக்கு முக்கியமாகப் படுகிறது. உச்சியில் இருக்கும் அறையைப் பற்றி மட்டும் பேசாமல், ஏணியின் கீழ்ப்படியைத் தொட்டது அதுதான்.

இந்த விதியே வெள்ளையருக்கு எதிரான பாகுபாடு என்று வாதிடுவோரும் அமெரிக்காவில் இருக்கிறார்கள். ஆனால் ஒருவரைக் கூடுதலாகப் பார்ப்பதால் யாருடைய வாய்ப்பும் பறிபோவதில்லை. 2024 பருவம் தொடங்கியபோது சிறுபான்மை இனத் தலைமைப் பயிற்றுநர்கள் ஒன்பது பேர், அதுவரை இல்லாத எண்ணிக்கை. அடுத்த சில மாதங்களில் மூவர் நீக்கப்பட்டார்கள். அவர்களில் இருவருக்கு முழுநேரப் பொறுப்பில் கிடைத்தது ஒரே ஒரு பருவம். 2025இல் காலியான ஏழு நாற்காலிகளில் கறுப்பினத்தவருக்குக் கிடைத்தது ஒன்று.

வழக்கு எங்கே நிற்கிறது?

ஃபுளோரஸின் பெற்றோர் ஹொண்டுராஸ் நாட்டிலிருந்து குடியேறியவர்கள். நியூயார்க்கின் பிரவுன்ஸ்வில் வட்டாரத்தில் வளர்ந்தார். பெலிச்சிக்கிடம் கடைநிலை உதவியாளராகச் சேர்ந்து படிப்படியாக ஏறியவர். 2019 சூப்பர் பௌலில் எதிரணியை வெறும் மூன்று புள்ளிகளில் மடக்கிய தற்காப்பு ஆட்டத்தை இயக்கியவர் அவர்தான். மயாமி அணியின் தலைமைப் பயிற்றுநராக அடுத்தடுத்து இரண்டு பருவங்களில் தோல்வியைவிட அதிக வெற்றி கொடுத்த பிறகு நீக்கப்பட்டார்.

லீக்கையே எதிர்த்து வழக்குப் போட்டால், இனி யாரும் வேலை கொடுக்காமல் போகலாம் என்று தெரிந்தேதான் போட்டார். அவருக்கு அடுத்த வேலையைக் கொடுத்தது டொம்லினின் ஸ்டீலர்ஸ், உதவிப் பயிற்றுநர் பொறுப்பு. 2023இல் மினசோட்டா அணிக்குத் தற்காப்பு ஆட்டப் பொறுப்பாளராகப் போனார்.

வழக்கை நீதிமன்றத்தில் விசாரிக்கக் கூடாது, லீக் ஆணையரே நடுவராக இருந்து தீர்க்க வேண்டும் என்பது லீக்கின் வாதம். ஆணையரை நியமிப்பவர்கள் அணி உரிமையாளர்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களின் ஊழியரே தீர்ப்பு சொல்வதா? 2025 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. லீக் மீதும் மூன்று அணிகள் மீதும் அவர் சுமத்திய குற்றச்சாட்டுகளை நீதிமன்றத்திலேயே விசாரிக்கலாம் என்றது. லீக் எல்லாக் குற்றச்சாட்டுகளையும் மறுக்கிறது. யார் சொல்வது உண்மை என்பதை இனிமேல்தான் நீதிமன்றம் பார்க்க வேண்டும்.

நமக்கு இதில் என்ன?

தொடுகோட்டருகே நம்மவர் ஒருவர் நிற்பதைப் பார்ப்பது என்ன உணர்வு என்று மலேசியத் தமிழர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2009இல் தென்கிழக்காசியப் போட்டியில் தங்கம், 2010 டிசம்பரில் முதன்முறையாக ஆசியான் நாடுகளின் சுசுகி கிண்ணம், இரண்டையும் நமக்கு வாங்கித் தந்த அணிகளின் பயிற்றுநர் கே. ராஜகோபால். அன்று புக்கிட் ஜாலிலில் ஆர்ப்பரித்த கூட்டத்தில் யாரும் பயிற்றுநரின் இனத்தைக் கேட்கவில்லை. பொறுப்பும் நேரமும் கொடுத்தார்கள், கிண்ணம் வந்தது.

வானொலியில் வேலை தேடுவதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினால் போதும், தொலைபேசி ஓயாது. அழைக்கும் இளைஞர்களின் மனக்குறை பெரும்பாலும் ஒன்றுதான். வேலை கிடைக்காததைக்கூடத் தாங்கிக்கொள்கிறார்கள். முடிவெடுத்துவிட்டுத் தங்களைக் கூப்பிட்டார்களோ என்ற சந்தேகத்தைத்தான் தாங்க முடியவில்லை. அந்தச் சந்தேகம் அடுத்த நேர்முகத் தேர்வுக்கும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஆகவே என் பேச்சு வேலை தேடுபவர்களிடம் மட்டும் அல்ல. இதைப் படிக்கும் உங்களில் பலர் இன்று மேசையின் மறுபக்கம் இருக்கிறீர்கள். குழுத் தலைவர், மேலாளர், சொந்த நிறுவனம் நடத்துபவர். அடுத்த முறை ஆள் எடுக்கும்போது, என்ன தகுதி வேண்டும் என்பதை ஆளைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வையுங்கள். எல்லாரையும் பார்த்து முடிக்கும்வரை யாருக்கும் தலையாட்டாதீர்கள். தெரிந்தவர் மகன், நம் ஊர்க்காரர், நம் மொழி பேசுபவர் என்று மனம் சாயும்போது, எழுதி வைத்ததை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இது நம்மவர்களுக்கும் சேர்த்துத்தான். எடுத்த பிறகு, முதல் சறுக்கலில் ஒருவருக்குக் காட்டும் பொறுமையை அடுத்தவருக்கும் காட்டுங்கள்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடப்பில் இருக்கும் ரூனி விதி ஒன்றைத் தெளிவாகக் காட்டியிருக்கிறது. ஒருவரை அறைக்குள் அழைக்கச் சட்டம் போட முடியும். அவர் பேசும்போது காது கொடுத்துக் கேட்கச் சட்டம் போட முடியாது. அதை மேசையின் மறுபக்கம் இருப்பவர்தான் செய்ய வேண்டும்.